ஆயுத பூஜை முடிந்ததும் காணாமல் போன டிரைவ்கள்

ஓசூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய மூன்று மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். அவ்வளவெல்லாம் வேண்டாம், ஒரே வாக்கியத்தை மூன்று மொழியில் கேட்டுக்கொள்ளத் தெரிந்தால் போதும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." "நின்ன பாகானே உண்டெ." "நின்னே சென்னாகே இத்து." எந்த மொழியில் சொன்னாலும் முகத்தில் ஒரே பாவம்தான். ராத்திரியோடு ராத்திரியாக நான்தான் சுவரேறிக் குதித்து வந்து அதைக் கெடுத்துவிட்டுப் போனேன் என்பது போலப் பார்ப்பார்கள்.

"அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்று திரை சொல்ல, கையைப் பிசைந்துகொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்த என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு கம்பெனிகளும் பட்டறைகளும் நாலைந்து நாள் மூடிக்கிடக்கும். இந்த முறை திறந்து சுவிட்சைப் போட்டதும் ஊரிலுள்ள கம்ப்யூட்டர்களெல்லாம் விட்டுப்போன அப்டேட்டை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டன. முடிந்து பார்த்தால் பல இடங்களில் சிடி டிரைவைக் காணோம். இந்தக் காலத்தில் யாரம்மா சிடி போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். மத்திகிரி ரோட்டில் என் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

ஞாபகத்தை இழந்த மெஷின்

முதல் போன் முனிரத்தினத்துடையது. மத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம். ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்த்துவிட்டு, சிப்காட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ஷெட் எடுத்து, பழைய வயர்கட் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். மெல்லிய கம்பியில் மின்சாரம் விட்டு இரும்பை அறுக்கிற மெஷின் அது. தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கிற பிரஸ் கம்பெனிகளுக்கு, அதற்கான இரும்பு டை வெட்டிக் கொடுக்கிறார். அந்த ஒரு மெஷின்தான் பட்டறை. அது நின்றால் எல்லாம் நின்றது.

மெஷினுக்குள் சின்னதாக ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷினின் ஞாபகத்தைக் காப்பாற்றுவது அது. பூஜை விடுமுறையில் அந்த பேட்டரி உயிரை விட்டுவிட்டது. ஷெட்டைத் திறந்தபோது அதன் மேசை எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது வரை மெஷினுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. அந்த விவரமெல்லாம் ஒரு சிடியில் இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, கேபிள் வழியாக மெஷினுக்கு ஏற்ற வேண்டும். வேறு யாரிடமும் கேட்டு வாங்க முடியாது, மெஷினை விற்ற கம்பெனியே இன்று இல்லை. கம்ப்யூட்டரோ காலையில் அப்டேட் முடித்து, டிரைவை விழுங்கிவிட்டு நிற்கிறது. வியாழக்கிழமை காலைக்குள் டை கைக்கு வராவிட்டால் அத்திபெலே பக்கம் வேறு பட்டறைக்கு வேலையை மாற்றிவிடுவதாக, டை கேட்ட கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி சொல்லிவிட்டாராம். போன வேலை திரும்பி வராது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். உடனே வரட்டுமா என்று கேட்டேன்.

"பெங்களூருல இருந்து மெஷின் பாக்குற ஆளு வந்துகினு இருக்காரு மேடம், அவரே பாத்துக்குவாரு. ஆனா நீங்க போன் மட்டும் எடுத்துகினே இருங்க" என்றார் முனிரத்தினம்.

ஆள் உள்ளேதான் இருக்கிறார்

பாகலூர் ரோட்டில் ராஜப்பாவின் போட்டோ ஸ்டுடியோ. கல்யாண வீடியோவை பென் டிரைவில் கொடுத்தால் வாங்குகிறவர்கள் வாங்கட்டும், பெண் வீட்டுப் பெரியவர்களுக்கு டிவிடிதான் வேண்டும். அட்டைப்பெட்டி, பூப்போட்ட உறை, மேலே மாப்பிள்ளை பெண் படம். பென் டிரைவை எப்படிச் சபையில் வைத்துக் கொடுப்பது?

அவருடைய டிரைவின் பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது, உள்ளே போகிறது, பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் தேடினால் அப்படி ஒரு டிரைவே கிடையாது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. எப்போதோ போட்டு எப்போதோ அழித்த சிடி எழுதும் சாஃப்ட்வேர் ஒன்று, கம்ப்யூட்டரின் உள் பதிவுகளில் இரண்டு வரியை விட்டுவிட்டுப் போயிருக்கும். காலி செய்துகொண்டு போன குடித்தனக்காரர் மாட்டிவிட்டுப் போன பூட்டு மாதிரி. இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் இருந்த கம்ப்யூட்டர், அப்டேட் வந்ததும் அந்தப் பூட்டுக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு வரியை அழித்துவிட்டு, அணைத்துப் போட்டால் டிரைவ் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அழிக்கும் முன் பதிவுகளை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; தப்பான வரியை அழித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

இதையெல்லாம் ராஜப்பாவுக்கு விளக்கினேன். அவர் தட்டை இன்னொரு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோயில் வசூலுக்கு வந்தவங்களப் பாத்த மாதிரி, வீட்டுக்குள்ள இருந்துகிட்டே இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்கான் மேடம்."

வெறுந்தட்டு

மத்திகிரியில் ஒரு ஹோமியோபதி டாக்டர். கன்னடக்காரர், சாந்தமான மனிதர். அவருடைய மருந்து சாஃப்ட்வேர் பழைய ரகம், டிரைவில் சிடி இருந்தால்தான் வாயைத் திறக்கும். அங்கேயும் அதே அப்டேட், அதே இரண்டு வரி. அழித்தேன், டிரைவ் வந்தது. சிடியைப் போட்டால் கரகரவென்று ஒரு சத்தம், ராகி அரைப்பது போல. இது அப்டேட் செய்கிற வேலை இல்லையே என்று டிரைவைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே சந்தனம், குங்குமம், நசுங்கிய ஒரு செவ்வந்திப் பூ, மஞ்சள் அட்சதை ஒரு பிடி.

அந்த நேரம் பார்த்து முனிரத்தினத்தின் போன். பெங்களூர் ஆள் வந்தாராம், சிடியைப் போட்டுப் பார்த்தாராம், ஒன்றும் தெரியவில்லை, சிடி கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். எனக்குக் கோபம் வந்தது. டிரைவே தெரியாத கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டுவிட்டு, சிடி கெட்டுவிட்டது என்று சொல்ல ஒரு ஆள் எல்லை தாண்டி வர வேண்டுமா? அவர் லேப்டாப்பில் டிரைவே கிடையாது, வேறு எதிலும் போட்டுப் பார்க்கவும் இல்லை. "அவர் சொன்னதை நம்பாதீங்க. நாளைக்கு ஒரு கம்பெனி வேலை இருக்கு, முடிச்சதும் நேரா உங்க ஷெட்டுக்குத்தான்" என்றேன். முனிரத்தினம் சரி என்று சொன்ன குரலில் பாதி உயிர்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டு, அட்சதை உள்ளே போன கதையைக் கேட்டேன். டாக்டரிடம் கூட்டித் துடைக்கிற லட்சுமம்மா, பூஜையன்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கம்ப்யூட்டருக்கு வைக்கும்போது விரல் பட்டனில் பட்டு, தட்டு வெளியே வந்திருக்கிறது. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். லட்சுமம்மாவுக்கு மட்டும் இதில் என்ன தப்பு என்று கடைசி வரை புரியவில்லை.

"அது தட்டை நீட்டிச்சும்மா. நல்ல நாளும் அதுவுமா வெறுந்தட்டாவா உள்ள அனுப்பறது?"

சிவப்புச் சீட்டு

மறுநாள் போனது ஒரு பெரிய கம்பெனியின் ஸ்டோர்ஸுக்கு. கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டு, லேப்டாப்பின் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி, பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் வரை பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். இந்த அனுமதிச் சீட்டை ஒரு முறை தவற விட்டால் அடுத்தது கிடைப்பதற்குள் இன்னொரு அப்டேட் வந்துவிடும், அதனால்தான் முனிரத்தினத்தைக் காத்திருக்கச் சொன்னேன். உள்ளே போனால் மேசை காலி, கம்ப்யூட்டரைக் காணோம்.

கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். எது ஓடவில்லையோ அதற்கு ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி, ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். நல்ல பழக்கம்தான். நான் வருவதற்குள், டிரைவ் தெரியவில்லை என்று யாரோ வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் கடமையே என்று சீட்டைக் கட்ட, மூன்றாமவர் தள்ளுவண்டியில் ஏற்றி பழைய இரும்பு ஷெட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அங்கே உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு பிளக் பாயின்டைத் தேடிப் பிடித்து, நின்றுகொண்டே வேலையை முடித்தேன். டிரைவ் வந்தது, உதிரி பாகங்களின் படப்பட்டியல் இருந்த சிடி ஓடியது. கம்ப்யூட்டர் மேசைக்குத் திரும்பியது, கழுத்தில் சிவப்புச் சீட்டோடு. அதைக் கழற்றிவிடலாமே என்றேன். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், பதறிப்போனார்.

"தொட்டுராதீங்க மேடம்! சீட்டு போடுததுக்கு ஒரு ஆளு போதும், எடுக்கதுக்கு கமிட்டி கூடணும்லா."

கெட்டுப்போச்சு என்று சொன்ன சிடி

கேட்டில் போனை வாங்கிப் பார்த்தால் முனிரத்தினம் வரிசையாகக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்கூட்டரை நேராக ஷெட்டுக்கு விட்டேன். மனிதர் சவரம் செய்யவில்லை, கண் உள்ளே போயிருந்தது. முதல் நாள் சாயந்திரம் ஊருக்குப் போய், சிடிக்கு இன்னொரு காப்பி இருக்கிறதா என்று வீட்டையே தலைகீழாக்கித் தேடிவிட்டு, இல்லை என்று தெரிந்து விடியற்காலையில் திரும்பி வந்திருக்கிறார். மெஷின் பக்கத்தில் வேலைக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருக்கிற பட்டறையில் ஒரு நாற்றம் உண்டு, எண்ணெயும் கவலையும் கலந்தது. எனக்கு அது பிடிக்காது.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அதே இரண்டு வரி. அழித்து, அணைத்துப் போட்டதும் டிரைவ் வந்தது. என் பையிலிருந்த ஒரு சிடியைப் போட்டேன், சமத்தாகப் படித்தது. முனிரத்தினம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிடியைக் குடுங்க" என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. ஒத்துப்பார்க்க ஊருக்கு எடுத்துப்போனவர், நான் சொல்லியும் கேளாமல், கெட்டுப்போனதை எதற்குச் சுமந்துகொண்டு வருவது என்று அங்கேயே விட்டுவிட்டாராம். மனைவி செல்விக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். சிடி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார்.

"கெட்டுப்போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றது செல்வியின் குரல். "அத நான் காலையிலயே கொல்லையில கட்டிட்டேன், கிளிக்கு."

கிளிக்குக் காவல்

எங்கள் பக்கத்தில் மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம்; சோளம் கதிர் முற்றும்போது அங்கே சிடி கட்டுவார்கள். குச்சி நட்டு, கயிறு இழுத்து, வரிசையாகத் தொங்கவிட்டால் காற்றில் சுழன்று வெயிலில் பளிச் பளிச்சென்று மின்னும். கிளி கொஞ்சம் யோசிக்கும். முனிரத்தினம் நண்பரின் ஆம்னி வேனை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் மத்தூருக்குக் கிளம்பினோம். கிருஷ்ணகிரி தாண்டும்போது பர்ச்சேஸ் அதிகாரி கூப்பிட்டு, காலையில் டை வருமா வராதா என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டார். முனிரத்தினம் "வரும் சார்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் ஓட்டினார்.

கொல்லையைப் பார்த்ததும் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். ஒன்றா இரண்டா? சொந்தக்காரர் வீட்டுச் சிடிகளையெல்லாம் சேர்த்து நாலு பக்கமும் கட்டி வைத்திருந்தார் செல்வி. காலையில் கட்டியது எந்த இடம் என்றால், வேறு சில சிடிகளோடு சேர்த்து, அறுந்து கிடந்த பழைய இடங்களிலெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டினேன் என்கிறார். சிடியின் மேல் பேர் எழுதியிருக்குமே என்றேன். "பேரு கவர்ல எழுதியிருக்கு மேடம். கவர் ஷெட்டுல பத்திரமா இருக்கு" என்றார் முனிரத்தினம். அவர் மேல் பரிதாபப்படுவதா, கவரைக் கிழித்துப் போடுவதா என்று தெரியவில்லை.

வரப்பில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து, வெளியிலிருந்து சொருகுகிற டிரைவை மாட்டினேன். எல்லாவற்றையும் மொத்தமாக அவிழ்க்கலாம் என்றால் செல்வி விடவில்லை. அவரும் பாவம், ஒரு பூ, அதாவது ஒரு போகம், முழுக்கப் பாடுபட்ட வெள்ளாமை. ஒரு வரிசையை அவிழ்த்தால் அந்த வரிசைக்கு முனிரத்தினம் காவல் நிற்க வேண்டும் என்று பேச்சு. சொந்தப் பட்டறை முதலாளி துண்டை வீசிக்கொண்டு "ஏய்... ஓய்..." என்று சோளத்துக்கு நடுவில் ஓட, செல்வி சிடிகளைக் கொண்டுவந்து முந்தானையில் துடைத்துத் துடைத்துத் தர, நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். யார் வீட்டுக் காதுகுத்தோ ஓடியது. ஆங்கிலம் பேசக் கற்றுத் தருகிற ஒருவர் வந்து காலை வணக்கம் சொன்னார். ஒரு பிரிண்டரின் டிரைவர் வந்தது. சிலது ஒன்றுமே படிக்கவில்லை. ஒவ்வொரு முறை ஒன்று படிக்காமல் போகும்போதும், அதுதான் அதுவோ என்று பயந்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வரிசையில் தொங்கிய ஒன்றில் பறவை எச்சம் இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடைத்துப் போட்டேன். டிரைவ் திணறியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. மெஷினின் பேரில் ஒரு ஃபோல்டர் திரையில் வந்தது. "முனிரத்தினம்!" என்று நான் கத்திய கத்தலில் கிளிகள்கூடப் பறந்துவிட்டன. அவர் ஓடி வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். பென் டிரைவுக்குக் காப்பி ஓட ஆரம்பித்தது. கடைசி ஃபைலில், எவ்வளவு ஆனது என்று காட்டுகிற கோடு நின்றுவிட்டது. கயிற்றில் ஆடியதில் விழுந்த கீறலாக இருக்கும். அது நின்றது நின்றபடியே இருந்து, பிறகு மனசு மாறியது போல ஒரு எட்டு நகர்ந்து, முடிந்தது. முனிரத்தினம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் என்ன வெட்கம்.

செல்வி மட்டும் நின்ற இடத்தில் நின்று கையை நீட்டினார். "காப்பி எடுத்தாச்சில்ல? அப்ப அதக் குடுங்கம்மா, அந்த வரிசையில ரெண்டு கிளி உக்காந்துகினு என்னையே பாக்குது."

முதல் வெட்டு

ஷெட்டுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. வேலைக்காரர்கள் புது பேட்டரியைப் போட்டு வைத்திருந்தார்கள். பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்கு, கம்ப்யூட்டரிலிருந்து கேபிளில் மெஷினுக்கு. ஏறி முடிந்ததும் முனிரத்தினம் மெஷினின் மேசையை ஒரு பக்கம் நகர்த்தினார், நகர்ந்தது. எதிர்ப்பக்கம் நகர்த்தினார், சொன்ன அளவுக்கு வந்து நின்றது. ஒரு கழிவு இரும்புத் துண்டில் வெட்டிப் பார்த்து அளவுகோலை வைத்தார். அளவு சரியாக இருந்த அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். எனக்கு அதில் என்ன தெரியும்? ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

டையை இரவோடு இரவாக வெட்டிவிடலாம், காலையில் கொண்டுபோய்விடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பர்ச்சேஸ் அதிகாரிக்கு இந்த முறை அவரே போன் செய்து சொன்னார். நான் அந்த ஃபோல்டரை இன்னும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு, பையைக் கட்டினேன். டீ வந்தது. முனிரத்தினம் அன்றைக்கு முதல் முதலாக எதையாவது வாயில் வைத்தது அந்த டீயாகத்தான் இருக்கும்.

ஓடுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கெட்டுப்போச்சுன்னு அந்த ஆளு சொன்னான், நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன் மேடம். அது பாவம், நாங்க ரெண்டு பேரும் தள்ளிவிட்ட பின்னாடியும், கட்டுன எடத்துல தொங்கிகினு எங்க சோளத்தக் காப்பாத்திகினு இருந்திருக்குது."

இத்தனை காலம் ரிப்பேர் பார்த்ததில் நான் கண்டது இதுதான், கெட்டுப்போனதைச் சரிசெய்கிற வேலை இந்தத் தொழிலில் கொஞ்சம்தான், கெட்டுப்போச்சு என்று சொல்கிறவர்களிடமிருந்து நல்லா இருக்கிறதைக் காப்பாற்றுவதுதான் மிச்சமெல்லாம்.